ஏன் படிக்கிறீர்கள்? உங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்

குடந்தைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழன் சாயங்காலம் கொஞ்சம் கூட்டம் இருக்கும். அதில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்து, அலமாரி ஓரமாக நின்றபடியே பத்துப் பக்கம் படிப்பார். அப்புறம் பதிந்துகொண்டு மஞ்சள் பையில் போட்டுக்கொள்வார்.

"எத்தனாவது தடவை சார்?" என்று கேட்டேன்.

"எனக்குக் கதையெல்லாம் ஆகாது தம்பி. வீட்டம்மாவுக்குக் கண் மங்கிடுச்சு. நான்தான் படிச்சுக் காட்டுறேன்."

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரை அவருடைய மாமியார் வாராவாரம் பிரித்தெடுத்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தாராம். பக்கத்துக்குப் பின்னால் பாதி ஜோக்கும் தைல விளம்பரமுமாக இருக்குமாம். வீட்டம்மா வளர்ந்ததே அதைப் படித்துத்தான். பைண்டு கரையானுக்குப் போனது, கதை மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

"ஆறு, கோயில், மரம்னு வந்தா நைசாத் தாண்டிடுவேன். 'பூங்குழலி பாட்டு எங்கே?'ன்னு பிடிச்சுடுவா. மறுநாள் முதல்லேருந்து படிக்கணும், அதுவும் சத்தமா."

"கதை ஆகாதுன்னீங்க, இங்கேயே நின்னு படிக்கிறீங்களே?"

கண்ணாடியைத் துடைத்தார். "தெரியாத பேரு வந்து நாக்கு குழறக்கூடாது பாருங்க. ஒத்திகை."

நாலாம் பாகத்தோடு அவரைப் பார்த்தபோது, ஆதித்த கரிகாலன் பேச்சை எடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "சொல்லிடாதீங்க. அவளும் சொல்ல மாட்டேங்கிறா."

வீராணத்துப் பேரன்:
எனக்குக் காட்டுமன்னார்கோவில். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிதான் எங்கள் வீராணம். பத்தாம் வகுப்பு லீவில் முதல் அத்தியாயத்தைப் படித்ததும், அதில் சொல்கிற 74 கணவாய் (தண்ணீர் வெளியேறும் மதகு) நிஜமாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க நானும் சித்தப்பா மகனும் சைக்கிளில் கரையேறினோம். பதினாறு கிலோமீட்டர் ஏரி. பாதியில் பஞ்சர், எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று. தினமும் மாடு குளிப்பாட்டின ஏரி அதற்கப்புறம் எனக்கு வேறு ஏரியாகிவிட்டது. ஏன் படிக்கிறேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டையும் தேடிப்போய்ப் பார்த்தேன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் அதில் இருக்கின்றன. எழுத்து எனக்குப் பிடிபடவில்லை, குருக்கள்தான் இடத்தைக் காட்டினார். பெரியவரிடம் மூச்சு விடாதீர்கள்.

நைட் டூட்டி:
தூக்கம் வரத்தான் படிக்கிறேன். நல்ல புத்தகமாக மாட்டிவிட்டால் அதுவும் போச்சு.

குடந்தைக்காரன்:
போன வியாழன் ஒரு கூத்து. ஐந்தாம் பாகம் அலமாரியில் இல்லை. 1999-ல் நாட்டுடைமையானதிலிருந்து ஆளாளுக்கு மலிவுப் பதிப்பு போட்டிருக்கிறார்கள், ஆனால் எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. "ரெண்டு வாரமா எவன் வச்சிருக்கான்? அவ ராத்திரி தூங்கவே விட மாட்டேங்கிறா!" என்று பெரியவர் நூலகரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்து ஆசை வந்து எடுத்துப்போனவன் நான்தான். அங்கே வாய் திறக்கவில்லை. இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருக்கிறது, இன்று ராத்திரி முடித்துவிட்டு நாளைக் காலையில் கொடுத்துவிடுகிறேன்.

நைட் டூட்டி:
நாளைக்கு வெள்ளிக்கிழமை.