டேட்டா சஃபிஷியன்சி: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். வங்கித் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வின் சி-சாட் தாளுக்கும் படிப்பவர்களுக்கான பயிற்சிப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டேட்டா சஃபிஷியன்சி (கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் கணக்குகள்) அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு கணக்கு:

மூன்று வெவ்வேறு மிகை முழுக்களின் சராசரி 6. இடைநிலை அளவு என்ன?
கூற்று 1: எண்களில் ஒன்று 7.
கூற்று 2: மிகச் சிறிய எண் 5.

இடைநிலை அளவு என்பது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண். கூடுதல் 18. முதல் கூற்றை மட்டும் வைத்தால் 5, 6, 7 வரும். 1, 7, 10-உம் வரும். ஆகவே போதாது. இரண்டாவது தனியாகவே போதும்: மீதி இரண்டின் கூடுதல் 13, இரண்டுமே 5-ஐ விடப் பெரியவை, 6-உம் 7-உம் தவிர வேறு வழியில்லை. 'தரவுப் போதுமை' என்று போட்டிருக்கிறேன். சரியா?
செ., திருச்சி

'போதும்' வினைமுற்று. அதன் தலையில் 'மை' எப்படி ஏறும்? போதாமை, செல்லாமை உண்டு. 'செல்லுமை' என்று யாராவது எழுதுகிறோமா? 'சாலும்' என்றாலே போதும் என்றுதான் பொருள். 'தரவுச் சால்பு' எனலாம். இவ்வகைக் கேள்விக்கு விடைத்தெரிவுகள் ஐந்து. சான்றாண்மையைச் சொல்லும்போது வள்ளுவரும் 'ஐந்துசால்பு ஊன்றிய தூண்' என்கிறார். தற்செயலாகத் தோன்றவில்லை.
மு., மதுரை

ஐயா, அங்கே ஐந்தும் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை. 'இரண்டும் சேர்ந்தாலும் போதாது' என்ற தெரிவுக்கு இதில் எதைக் கொடுப்பீர்கள்? நான் வகுப்பெடுப்பவள். சால்பு என்றால் சால்வையா என்று கேட்பார்கள். டேட்டா சஃபிஷியன்சி என்றே போடுங்கள், பிள்ளைகள் வாயில் அதுதான் இருக்கிறது.

அப்புறம், தலைப்பை விட முக்கியம்: 'வெவ்வேறு' விழுந்துவிடாமல் பாருங்கள். அது இல்லையென்றால் 5, 5, 8-உம் வரும். இரண்டாம் கூற்று தனியாகப் போதாது, இரண்டும் சேர்ந்தால்தான் போதும். விடையே மாறிவிடும்.
க., கோவை

வடசொல்லுக்கே 'வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியம் விதித்த மொழியில் 'சஃபிஷியன்சி'! ஆய்தம் என்ன பாவம் செய்தது?
மு.

ஆய்தம் குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவில்தானே நிற்கிறது? இலக்கணப்படி குற்றமே இல்லை. 'ஷி'யைத்தான் நீங்கள் பிடித்திருக்க வேண்டும்.
க.

எங்கட பாடப்புத்தகங்களில் சராசரியை 'இடை' என்கிறோம், நீங்கள் சொல்லும் இடைநிலை அளவு 'இடையம்'. இங்கத்தைப் பிள்ளை இதைப் படித்தால் எதைக் கணிக்கும்? இந்தக் கணக்கில் சராசரியும் 6, விடையும் 6. குழம்பின பிள்ளைக்கும் அதே எண்தான் வரும், குழம்பினதே தெரியாது. எண்களை மாற்றுங்கள். தலைப்பு போதுமையாகவே இருக்கட்டும்.
ர., யாழ்ப்பாணம்

எனக்கு இடைநிலை என்றாலே வினைச்சொல்லில் காலம் காட்டும் த், ட், ற், இன்தான் நினைவுக்கு வருகிறது. 'தரவு' என்றால் கலிப்பாவின் உறுப்பு, அதையடுத்து வருவது தாழிசை. தாழிசையை எப்போது மொழிபெயர்க்கப் போகிறீர்கள்?
மு.

சரி, இப்படி முடிக்கிறேன். தலைப்பு 'தரவுப் போதுமை', முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே டேட்டா சஃபிஷியன்சி. இடையத்துக்கு அடிக்குறிப்பு. சராசரியை 7 ஆக்கி, கூற்றுகளை 8, 6 என்று மாற்றலாமென்று பார்த்தேன், அப்போதும் சராசரியும் இடைநிலை அளவும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் வேறு கணக்கே போடுகிறேன். 'வெவ்வேறு' தடித்த எழுத்தில்.
செ.

போடுங்கள், தடுக்கவில்லை. 'செல்லுமை'க்கு மட்டும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.
மு.