நில ஆர்ஜித வழக்கு: வக்கீல் செலவை அரசு கொடுக்கணுமா?

கரிசல்காட்டான்:
2013 நில ஆர்ஜிதச் சட்டத்தோட பேருலேயே 'நியாயமான இழப்பீடு'ன்னு இருக்கு. ஆனா கலெக்டர் போட்ட தொகை பத்தாதுன்னு கேஸ் போட்டு ஜெயிச்சவன் கதையைப் பாருங்க. கூடினதுல நாலுல ஒரு பங்கு வக்கீலுக்கு. மீதியும் உடனே வராது, கோர்ட் ஊழியர் அமீனா வந்து ஆபீஸ் ஜீப்புல ஜப்தி நோட்டீஸ் ஒட்டினாதான் செக் எழுதுவாங்க. போட்டது குறைச்சல்னு கோர்ட்டே சொன்னபிறகு, செலவை நிலக்காரன் ஏன் சுமக்கணும்?

வரிகட்டுறவன்:
அதான் இழப்பீட்டுக்கு மேல நூறு சதவீதம் ஆறுதல் தொகைன்னு தர்றாங்களே! செலவும் கிடைக்கும்னா ரெண்டு சென்ட் போனவன்கூட கேஸ் போடுவான். லாபம் வக்கீலுக்கு, பில் நமக்கு.

முன்னாள்_குமாஸ்தா:
ரெண்டு பேரும் 71-ஆம் பிரிவைப் படிங்க. கலெக்டர் அவார்டு, அதாவது அவர் போட்ட இழப்பீட்டு உத்தரவு, நிக்கலைன்னா செலவைச் சாதாரணமா கலெக்டர்தான் கொடுக்கணும். 1894 சட்டத்துலேயும் 27-ஆம் பிரிவா இது இருந்துச்சு. வாய்க்கு வந்த தொகையைக் கேட்டவனுக்குச் செலவைக் கழிக்கவும் வழி உண்டு. சிக்கல் என்னன்னா, டிக்ரியில, அதாவது கோர்ட் தீர்ப்பாணையில, செலவுன்னு ஏறுறது கோர்ட் ஃபீஸ், விதிப்படி கணக்கிட்ட வக்கீல் ஃபீஸ், சாட்சி பேட்டா, அவ்வளவுதான். கட்சிக்காரர் கையிலேர்ந்து நிஜமா போனது அதுல வராது. பங்கு பேசுறதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு, அதுக்கு ரசீது எங்கே இருக்கும்?

கரிசல்காட்டான்:
அப்போ கணக்கையே மாத்தணும். அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல அரசு முதல்ல எழுதிக் கொடுத்த தொகைக்கும் கடைசியில கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் வக்கீல் ஃபீஸ். 2,50,000 டாலர் வரை 33 சதவீதம், அதுக்கு மேல 10 லட்சம் வரை 25, அப்புறம் 20. இழப்பீட்டுல கை வைக்காம அரசு தனியா கொடுக்குது. குறைச்சுப் போட்டா செலவு ஏறும்னு தெரிஞ்சா முதல் தொகையே ஒழுங்கா வரும்.

வரிகட்டுறவன்:
இங்க வராது. தொகை போடுற அதிகாரி பாக்கெட்லேர்ந்தா போகுது? கூட்டிப் போட்டா ஆடிட், விஜிலென்ஸ்னு அவர் தலை உருளும். கோர்ட் கூட்டினா அவரை யாரும் கேட்கமாட்டாங்க. இன்னொண்ணு, அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரத்தை வெச்சுத்தானே விலை பார்க்கிறாங்க? முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து பாதி விலைக்குப் பதிஞ்சது நம்ம ஆளுங்கதானே?

கரிசல்காட்டான்:
பதிஞ்சது வித்தவனும் வாங்கினவனும். தாத்தா காலத்துலேர்ந்து விக்காம உழுதவன் என்ன பாவம் பண்ணான்?

முன்னாள்_குமாஸ்தா:
73-ஆம் பிரிவை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. ஒருத்தர் ஜெயிச்சா, அதே அறிவிக்கையில நிலம் போன மத்தவங்க கேஸே போடாம 3 மாசத்துக்குள்ள கலெக்டர்கிட்ட மனு கொடுத்து, அந்தத் தீர்ப்பை வெச்சுத் தொகையைக் கூட்டிக் கேட்கலாம். ஆக செலவு ஒருத்தருக்கு, பலன் ஊருக்கு. செலவை அரசு தரணும்னு கேட்க இதைவிட வலுவான காரணம் கிடையாது.

வரிகட்டுறவன்:
சரி, ஒரு அறிவிக்கைக்கு ஒரே கேஸோட செலவு, ரசீதோட வந்தா கொடுக்கட்டும். சதவீதக் கணக்கெல்லாம் வேண்டாம்.

கரிசல்காட்டான்:
முழு ஃபீஸுக்கும் ரசீது கொடுக்கிற வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க, நாளைக்கே வக்காலத்துல கையெழுத்துப் போடுறேன்.