கோத்தகிரியிலிருந்து ஜென்டர் தெரபிஸ்ட் தேடுவது எப்படி?

கேரட்தோட்டம்:
திருநம்பி, வயது 24. ஹார்மோன் ஆரம்பிக்கும் முன்னாடி மனசுவிட்டுப் பேச ஆள் வேணும், ஹார்மோன் ஆரம்பிக்கலாம்னு மனநல நிபுணர் தர்ற கடிதமும் வேணும். இங்கே எந்த டாக்டரைப் பார்த்தாலும் சாயங்காலத்துக்குள்ள சேதி வீட்டுக்கு வந்துடும். கோவைக்கு இறங்கறதா, ஆன்லைனா? கவுன்சிலரா, சைக்காலஜிஸ்டா, சைக்கியாட்ரிஸ்டா?

கடைசி பஸ்:
தம்பி, பேசறதையும் கடிதத்தையும் தனித்தனியா வைங்க. ரெண்டுக்கும் ஒரே ஆள் அமைஞ்சா நல்லது, அமையலைன்னாலும் பரவாயில்லை.

'தெரபிஸ்ட்'னு யாரு வேணும்னாலும் போர்டு மாட்டிக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கணும், தயங்காம கேளுங்க. சைக்கியாட்ரிஸ்ட் டாக்டருக்குப் படிச்சவர், மருந்து எழுதறவர். ஹார்மோன் தர்ற எண்டோகிரைனாலஜிஸ்ட் பெரும்பாலும் இவரோட கடிதத்தைத்தான் கேட்பார். அதனால முதல் போன் எண்டோ கிளினிக்குக்கு: "யாரோட கடிதம், எத்தனை?" இதைக் கேட்காம ஆறு அமர்வுக்குக் காசு கட்டிட்டு, கடைசியில 'இது செல்லாது'ன்னு திரும்பி வர்றவங்கதான் அதிகம்.

அடுத்த போன் தெரபிஸ்டுக்கு. திருநம்பிகளோட வேலை செஞ்சிருக்கீங்களா? கடிதம் எழுதுவீங்களா, எத்தனை அமர்வுக்கு அப்புறம்? இதுக்கு மழுப்பினா விட்டுடுங்க. 'அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா'ன்னாலும் விட்டுடுங்க, உங்களுக்கு 18 தாண்டியாச்சு.

மூடுபனி:
ஆன்லைன்ல பேச்சை விட இடம்தான் பிரச்சனை. எஸ்டேட் லயன் வீட்டுல ஒரு சுவர் தாண்டினா அடுத்த குடும்பம். தகரக் கூரையில மழை பிடிச்சா நீங்க பேசறது உங்களுக்கே கேட்காது. ஊட்டியிலயோ குன்னூர்லயோ சில மணி நேரத்துக்கு ரூம் எடுத்துக்கலாம். வீடியோ அறுந்தா யார் யாருக்குக் கூப்பிடறதுன்னு முதல் நிமிஷத்திலேயே பேசி வைங்க, இல்லைன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சு பாதி நேரம் போயிடும்.

கோவைக்குப் போனா முன்பதிவு பண்றப்பவே சொல்லிடுங்க: "பேரைச் சத்தமா கூப்பிட வேண்டாம், டோக்கன் நம்பர் போதும்." கவுன்ட்டர்ல பழைய பேரைக் கத்தறதுதான் பல பேரை ரெண்டாவது தடவை வரவிடாம பண்ணுது.

ராத்திரி மனசு தாங்கலைன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழ்ல பேசலாம். கடிதத்துக்கு இது உதவாது.

தேயிலைக்கொழுந்து:
'உன் பாலின உணர்வை மாத்திக் காட்டறேன்'னு யாராவது சொன்னா அது சிகிச்சையே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல தடை செய்யச் சொன்னது. 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறுன்னு அறிவிச்சிருக்கு. அதேபோல 'ஒரு வருஷம் தெரபி முடிச்சாத்தான் ஹார்மோன்'னு இழுத்தா, திருநர் மருத்துவத்துக்கான உலக நிபுணர் அமைப்பான டபிள்யூபாத் 2022-ல வெளியிட்ட வழிகாட்டுதலோட எட்டாம் பதிப்பைக் காட்டுங்க. ஹார்மோனுக்குத் தெரபி கட்டாயம்னு அதுல இல்லை. அறுவை சிகிச்சைக்கும் ஒரே கடிதம் போதும்ங்குது, ஆனா இங்கே பல சர்ஜன்கள் ரெண்டு கேட்பாங்க.

கேரட்தோட்டம்:
நன்றி அக்கா, அண்ணா. கடிதத்துல என்னென்ன இருக்கணும்?

தேயிலைக்கொழுந்து:
ஆதார் பேரும் கூப்பிடற பேரும் ரெண்டும் வேணும். எந்தெந்தத் தேதி பார்த்தார், பாலினப் பொருத்தமின்மைங்கற நிர்ணயம், விளைவுகள் புரிஞ்சு சம்மதிக்கற நிலையில இருக்கீங்கங்கற வரி, டாக்டரோட பதிவு எண், கையெழுத்து, முத்திரை. அறையை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஆதாரைப் பக்கத்துல வெச்சு எழுத்தெழுத்தா சரிபாருங்க. இனிஷியல் ஒண்ணு மாறினாலும் திரும்ப மலை இறங்கணும்.