மறையாக்கம் செய்த பயனர் விவரங்களில் தேடுவது எப்படி?

கேள்வி (தரமணி):
எங்கள் மூன்று வலைச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே புகுபதிகை அமைப்பு உள்ளது. பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவற்றை ஏஇஎஸ்-ஜிசிஎம் (AES-GCM) முறையில் மறையாக்கம் செய்து, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி, வைக்கத் தொடங்கியதிலிருந்து, உதவி மையத்தினரால் எண்ணைக் கொடுத்துப் பயனரைத் தேட முடியவில்லை. ஒரே எண் ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் மறையாவதே காரணம். எண்ணின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒன்றாகவே வரும் சுருக்க மதிப்பு) தரவுத்தளத்தில் தனிப் பத்தியில் (column) வைத்துத் தேடலாமா?

மறுமொழி (கிண்டி):
வேண்டாம். இந்தியக் கைபேசி எண்களுக்கு 10 இலக்கங்கள்; முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான். தரவுத்தளம் வெளியே கசிந்தால், ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் அட்டையே அத்தனைக்கும் ஹாஷ் போட்டு நிமிடங்களில் ஒப்பிட்டுவிடும். அதற்குப் பதிலாக, தரவுத்தளத்துக்கு வெளியே காக்கப்படும் ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு எச்மேக் (HMAC, சாவி சேர்த்துப் போடும் ஹாஷ்) கணக்கிட்டு, அந்த மதிப்பைத் தேடல் பத்தியில் வையுங்கள். மறையாக்கச் சாவியையே இதற்கும் பயன்படுத்தாதீர்கள். பத்திக்கு ஒரு சாவி இருப்பது நல்லது. கணக்கிடும் முன் +91, முன்னொட்டுச் சுழியம், இடைவெளி ஆகியவற்றைச் சீர்செய்யாவிட்டால் ஒரே மனிதர் மூவராகிவிடுவார். அதே பத்தியில் ஒரு மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற தனித்தன்மைக் கட்டுப்பாடும் விதித்தால் இரட்டைப் பதிவு நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வழியுண்டா?

மறுமொழி (அம்பத்தூர்):
பெயரை மும்மூன்று எழுத்துகளாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் எச்மேக் வைக்கலாம். ஆனால் எந்தத் துண்டு எத்தனை முறை வருகிறது என்பதை மறைக்க முடியாது. நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலில் அடிக்கடி வரும் துண்டு 'குமார்' என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். தமிழில் இன்னொரு தொல்லை: 'கோபால்' என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எச்மேக் மதிப்போ வேறு. ஆகவே முதலில் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் பெயர்த் தேடலையே கைவிட்டு, எண்ணையும் மின்னஞ்சலையும் முழுமையாகக் கேட்டுத் தேடச் சொல்வேன்.

மறுமொழி (கிண்டி):
தேடும் எண்ணை வலை முகவரியில் (URL) அனுப்பாமல் போஸ்ட் கோரிக்கையின் உடலில் அனுப்புங்கள். இல்லையேல் சர்வரின் அணுகல் பதிவேட்டில் அது அப்படியே எழுதப்படும்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எண்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் அதைத் துடைத்துவிட்டு எச்மேக் வேலைக்கு வருகிறேன்.