பழைய படத்தின் ஒளிபரப்பு உரிமை யாருக்கு? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் சிறிய கேபிள் அலைவரிசை ஒன்றை நடத்துகிறோம். ஞாயிறு மாலை பழைய தமிழ்ப் படம் போடுவோம். உப்புவெளிப் பக்கத்து முதியவர்கள் வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் அழைத்து, என்ன படம் என்று கேட்பார்கள்.

1962இல் வெளிவந்த ஒரு படத்துக்குக் கொழும்பு விநியோகஸ்தர் ஒருவரிடம் பணம் கட்டி அனுமதி பெற்றோம். இப்போது சென்னையிலிருந்து இன்னொருவர், உரிமை தன்னுடையது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கொழும்புக்காரர் தந்த மங்கலான ஒப்பந்தப் பிரதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இலங்கை முழுவதும் திரையரங்குகளில் காட்டும் உரிமை என்றுதான் இருக்கிறது. தொலைக்காட்சி என்ற சொல்லே இல்லை. எப்படி இருக்கும்? இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தானே!

இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளிவந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 2022உடன் முடிந்துவிட்டது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ 70 ஆண்டுகள் என்கிறது. இங்கே ஒளிபரப்ப எந்தக் கணக்கு செல்லும்? இத்தகைய வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணி யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பதில் அனுப்ப 14 நாட்களே தந்திருக்கிறார்கள், அதில் ஐந்து போய்விட்டன.