பூசணிப் பிஞ்சு வெம்பி உதிருது, தேனீப் பெட்டி வச்சா நிக்குமா?

கடையம்_தோட்டம்:
1 ஏக்கர் பூசணி. பிஞ்சு கோலிக்குண்டு அளவுலயே மஞ்சளாகி விழுது. உரம், தண்ணி குறையில்ல. பெட்டி எத்தனை வேணும் அண்ணாச்சி?

பொருநைக்கரை:
முதல்ல பிஞ்சை நறுக்கிப் பாருங்க. புழு இருந்தா பழ ஈ, அது வேற கதை. இல்லைன்னா மகரந்தம் சேரல. பூசணிப்பூ விடியக்காலம் விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள வாடிரும். அந்த நேரத்துல மருந்தடிச்சா தேனீ செத்துரும். இமிடாகுளோபிரிட்ங்கிற பூச்சிமருந்து பூக்கும்போது வேண்டவே வேண்டாம்.

ஏழுசட்டம்:
இந்தியத் தேனீ நிறைஞ்ச பெட்டி 2 போதும். பூ ஆரம்பிச்ச பிறகு ராத்திரியில கொண்டாந்து வைங்க. முந்தியே வச்சா பக்கத்து முருங்கைக்குப் பழகிரும். நிழல்ல, வாசல் கிழக்க பாத்து. ஆடிக்காத்துக்கு மூடி மேல கல்லு. ஸ்டாண்டு கால் நாலும் தண்ணிக் கிண்ணத்துல நிக்கணும், இல்லைன்னா எறும்பு ஏறி, கூட்டமே கூட்டைக் காலி பண்ணிரும்.

பொருநைக்கரை:
பெட்டி வர்ற வரை கையால சேருங்க. காலை 8 மணிக்குள்ள, அன்னைக்கு விரிஞ்ச ஆண்பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, பெண்பூ நடுவுல இருக்குற சூல்முடியோட எல்லா மடல்லயும் தடவணும்.

கடையம்_தோட்டம்:
ஓரத்துல பீர்க்கும் நிக்கி. அதுக்கும் காலையிலயா?

ஏழுசட்டம்:
பீர்க்கு சாயந்திரம் விரியும். பூசணிக்குச் சாயந்திரம் வேப்பெண்ணெய் அடிச்சாலும் பீர்க்கு வரிசையை விட்டுருங்க.