மறுமொழி: நைட்டியா கட்டுரை – ‘ஆண்டடுக்கு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நைட்டியா என்ற புதைபடிவ மீன் பற்றிய நம் கட்டுரைக்கு, அது கிடைக்கும் பாறையைக் குறித்து வந்த யோசனை இது:

> அந்தப் பாறையின் மெல்லிய வரிகளை எல்லாம் ‘ஆண்டடுக்கு’ என்றே எழுதிவிடலாம். மரத்தில் ‘ஆண்டு வளையம்’ என்கிறோம் அல்லவா?

ஐயா, ‘வார்வ்’ என்பதற்கு ‘ஆண்டடுக்கு’ நல்ல சொல். அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் நைட்டியா கட்டுரையில் அதைப் போட வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

‘வார்வ்’ சுவீடனிலிருந்து வந்த சொல். பனியாறு உருகிய நீர் தேங்கும் ஏரிகளில் கோடையில் பருக்கையான வண்டலும், குளிர்காலத்தில் நுண்களிமண்ணும் படியும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. சுவீடன் நிலவியலாளர் டி யேர் இவற்றை எண்ணித்தான் பனி பின்வாங்கிய காலத்தைக் கணக்கிட்டார். ஆண்டுக் கணக்கு உறுதியானால்தான் அந்தச் சொல்லுக்கே இடம்.

நைட்டியா கிடைப்பது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கில், சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஃபாசில் ஏரியின் படிவுகளில். அங்கே வெளிர் வரி சுண்ணாம்பு, கரு வரி கரிமப் பொருள். நிலவியலாளர் பிராட்லி 1929இல் இவற்றை ஆண்டுக் கணக்காகவே எடுத்துக்கொண்டார். அப்புறம் 1988இல் புக்கைம், பியாகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டு எரிமலைச் சாம்பல் படுகைகளுக்கு இடைப்பட்ட வரிகளை எண்ணினார்கள். சாம்பல் ஏரி முழுக்க ஒரே நேரத்தில் விழுந்தது. எனவே இடைப்பட்ட காலம் எங்கும் ஒன்றுதான். ஆனால் ஏரியின் நடுப்பகுதியில் 1160 வரிகள், கரைப்பக்கம் 1568! ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு என்றால் இது எப்படிப் பொருந்தும்? நம் கட்டுரையில் ‘ஆண்டடுக்கு’ என்று எழுதினால், படிக்கும் மாணவர் வரிகளை எண்ணி ஆண்டு சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்பார். கலைச்சொல்லே தவறான தகவலைத் தரக் கூடாது.

ஆகவே காலம் பேசாத பொதுச்சொல் ஒன்று தேவை. ‘படிவுத்தாள்’ என்று முன்மொழிகிறேன். இத்தகைய மெல்லிய வரியை ஆங்கிலத்தில் ‘லேமினா’ என்பார்கள். இதே சொல்லுக்குத் தாவரவியலில் ‘இலைத்தாள்’ என்று பாடநூல்களிலேயே வழங்குகிறோம். அந்தப் பாறையும் இந்த வரிகளின் வழியாகத்தான் பிளக்கிறது. பிளந்த முகத்தில்தான் மீன் தெரிகிறது. ‘தகடு’ வேண்டாம், அது புவித்தகட்டுக்குப் போய்விட்டது. ‘மெல்லடுக்கு’ தவறில்லை, ஆனால் எவ்வளவு மெல்லியது என்ற கேள்வி எழும்.

‘தொல்லேரி’ பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாசில் ஏரி, அதன் அண்டை ஏரிகளான கோசியூட், யூயின்டா மூன்றும் மறைந்து படிவு மட்டும் எஞ்சியவை. இவற்றுக்குத் ‘தொல்லேரி’ சரி. பைக்கால் போல இன்றும் நீர் நிறைந்திருக்கும் பழைய ஏரிக்கு அதே சொல்லைத் தரக் கூடாது. ‘நெடுவயது ஏரி’ எனலாம்.

மீனின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ஜோர்டன் 1907இல் வயோமிங் நிலவியலாளர் நைட்டின் நினைவாக வைத்தது அது. மத்தியின் தூரத்து உறவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நம் வாசகர்களுக்கு உருவம் பிடிபட்டுவிடும். டிப்ளோமிஸ்டஸ் என்ற பெரிய மீனின் வாயில் சிக்கியபடியே கல்லான நைட்டியாக்களும் உண்டு. அந்தப் படத்தைக் கட்டாயம் சேருங்கள்.

‘படிவுத்தாள்’ குறித்து நிலவியல் கற்பிக்கும் நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன். வகுப்பில் ‘படிவுத்தாள்களுக்கு இடையே’ என்று சொல்லிப் பார்த்து, மாணவர்களுக்கு எது விளங்குகிறது என்று எழுதுங்கள்.